பல பப்ளிக் ஐபி, ஒரு ஃபயர்வால்: போர்ட் ஃபார்வர்டிங் ஓடாதபோது எங்கிருந்து தேடுவது

கடலூர், புதுச்சேரிப் பக்கம் சின்ன அலுவலகங்களின் நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இது: "அண்ணா, ரூல் எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கேன், வெளியிலேர்ந்து ஓப்பன் ஆகலை." வெளியிலிருந்து ஃபயர்வாலின் பப்ளிக் ஐபிக்கு ஒரு போர்ட்டில் வரும் இணைப்பை உள்ளே இருக்கும் சர்வருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் ரூலைத்தான் சொல்கிறார்கள். ஒரே ஒரு பப்ளிக் ஐபி இருக்கும் இடத்தில் இது சீக்கிரம் தீர்ந்துவிடும். நான்கைந்து ஐபி வாங்கிய இடத்தில்தான் ஆள் திணறிப்போகிறார். முதல் ஐபியில் எல்லாம் ஓடும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் மட்டும் மௌனம். ரூலை அழித்து எழுதுவார், திரும்பவும் அழிப்பார், ஃபயர்வாலை ரீஸ்டார்ட் செய்வார். சாயங்காலத்துக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுபோகும்.

இதைத் தவிர்க்க ஒரு பழக்கம் போதும். பாக்கெட் (நெட்வொர்க்கில் பயணிக்கும் தரவுத் துண்டு) எதுவரை வந்து நின்றது என்று கண்ணால் பார்க்கும்வரை எந்த ரூலையும் தொடாதீர்கள். வெளியிலிருந்து வரும் பாக்கெட் ஃபயர்வாலின் வெளிப்பக்கத்தைத் தொட வேண்டும், உள்பக்கம் வழியாகக் கிளம்ப வேண்டும், சர்வர் பதில் தர வேண்டும், அந்தப் பதில் வந்த வழியே வெளியே போக வேண்டும். இந்த நாலில் எது அறுந்திருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கீழே சொல்வதற்கெல்லாம் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். மஞ்சக்குப்பத்தில் ஒரு வணிக அலுவலகம். லீஸ்டு லைன் கொடுத்தவர்கள் 203.0.113.40/29 என்று எட்டு எண்கள் கொண்ட ஒரு தொகுதியைத் தந்திருக்கிறார்கள். 40-உம் 47-உம் பயன்படாது. 41 சேவை நிறுவனத்தின் கேட்வே, அதாவது வெளியே போகும் வழி. மீதி 42 முதல் 46 வரை ஐந்து எண்கள் நமக்கு. ஃபயர்வாலின் முதன்மை ஐபி 42. பில்லிங் சர்வர் உள்ளே 192.168.10.20-இல் இருக்கிறது, அதை வெளியில் 43 வழியாகக் காட்ட வேண்டும். (203.0.113 என்று தொடங்கும் எண்கள் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை, நிஜ இணையத்தில் யாருக்கும் தரப்படுவதில்லை. உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

முதலில் காகிதம்

எந்தப் பப்ளிக் ஐபி, எந்த போர்ட், டிசிபியா யுடிபியா, உள்ளே எந்த ஐபி, எந்த போர்ட். ஒரு சேவைக்கு ஒரு வரி என்று எழுதி ஃபயர்வால் பக்கத்தில் ஒட்டுங்கள். எழுதும்போதே சில தவறுகள் பிடிபட்டுவிடும். ஒரே ஐபியில் போர்ட் 443-ஐ இரண்டு சர்வருக்குப் போட்டிருப்பது அப்படிப்பட்ட ஒன்று.

சோதனையை எங்கிருந்து செய்கிறீர்கள்?

அலுவலக வைஃபையில் உட்கார்ந்துகொண்டு பப்ளிக் ஐபியைத் திறந்து பார்த்துவிட்டு ஓடவில்லை என்று சொல்லாதீர்கள். உள்ளிருந்து போகும் பாதை வேறு, அதன் கதை பின்னால் வருகிறது. போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருக்கும் கிளையில் யாரையாவது பார்க்கச் சொல்லலாம், ஆனால் அந்தக் கிளை விபிஎன் (இணையத்தின் மேல் போடும் தனிப்பாதை) மூலம் கடலூரோடு இணைந்திருந்தால் அவர்களின் பாக்கெட் அந்தத் தனிப்பாதையின் வழியே வரக்கூடும். அது வெளிச் சோதனை ஆகாது.

பிங் வருகிறதா என்பதை அளவுகோலாக எடுக்க வேண்டாம். பல ஃபயர்வால்கள் பிங்கைத் தடுத்துவிடும், பிங் வந்தாலும் பதில் சொல்வது ஃபயர்வாலாக இருக்கலாம். போர்ட்டைத்தான் சோதிக்க வேண்டும். விண்டோஸில் பவர்ஷெல்லின் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் போதும், இல்லாவிட்டால் பழைய டெல்நெட். வரும் பிழையை உற்றுப் பாருங்கள். உடனே "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்று வந்தால் பாக்கெட் யாரோ ஒருவரைத் தொட்டிருக்கிறது, அவர் மறுத்திருக்கிறார். பெரும்பாலும் சர்வரில் அந்த சேவை ஓடவில்லை என்று பொருள். பல நொடி காத்திருந்து "டைம்அவுட்" ஆனால் பாக்கெட்டோ பதிலோ வழியில் தொலைந்திருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து "வரலை" என்று சொன்னால் தேட வேண்டிய இடமே மாறிவிடும்.

சர்வர் தயாரா?

உள்ளே அதே நெட்வொர்க்கில் இருக்கும் இன்னொரு கணினியிலிருந்து 192.168.10.20-இன் போர்ட்டைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் ஃபயர்வாலில் வேலையே இல்லை. சேவை ஓடுகிறதா, 127.0.0.1-இல், அதாவது தனக்குள்ளேயே, மட்டும் காது வைத்திருக்கிறதா, சர்வரின் சொந்த ஃபயர்வால் தடுக்கிறதா என்று பாருங்கள்.

திறந்தால் சந்தோஷம், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். பக்கத்து கணினியிலிருந்து திறப்பதும் வெளியிலிருந்து திறப்பதும் ஒன்றல்ல. சர்வரின் டீஃபால்ட் கேட்வே தவறாக இருந்தால் பக்கத்து கணினிக்குப் பதில் போகும், வெளியூருக்குப் போகாது. விண்டோஸ் ஃபயர்வாலில் சில ரூல்கள் 'லோக்கல் சப்நெட்' (அதே உள் நெட்வொர்க்) என்று மட்டும் அனுமதித்திருக்கும். அதுவும் இதே அறிகுறிதான் காட்டும். ஃபயர்வாலுக்குள் இருந்தே சர்வரைச் சோதித்தாலும் இது வெளிப்படாது, ஏனென்றால் ஃபயர்வாலின் உள்பக்க ஐபியும் அதே சப்நெட்டில்தான் இருக்கிறது. ஆகவே சர்வரில் உட்கார்ந்து கேட்வே எண்ணை நேரில் படியுங்கள்.

பாக்கெட் வாசலுக்கு வந்ததா?

பல ஐபி இருக்கும் இடத்தில் சிக்கல் அதிகம் ஒளிந்திருப்பது இங்கேதான், புதியவர்கள் அதிகம் தாண்டிப் போவதும் இதைத்தான்.

ஃபயர்வாலின் வெளிப்பக்க இன்டர்ஃபேஸில் பாக்கெட் கேப்சர் (வந்து போகும் பாக்கெட்டுகளைத் திரையில் காட்டும் வசதி) போடுங்கள். பிஎஃப்சென்ஸில் டயக்னாஸ்டிக்ஸ் மெனுவிலேயே இருக்கிறது. மைக்ரோடிக்கில் பாக்கெட் ஸ்னிஃபர், ஃபோர்டிகேட்டில் ஸ்னிஃபர் கட்டளை, லினக்ஸில் டிசிபிடம்ப். 203.0.113.43 என்று மட்டும் வடிகட்டுங்கள். போர்ட்டைச் சேர்க்க வேண்டாம், காரணம் இப்போதே தெரியும். இப்போது மொபைல் டேட்டாவிலிருந்து முயலுங்கள்.

திரையில் இப்படி ஒரு வரி திரும்பத் திரும்ப வரலாம்: "ஆர்ப், ரிக்வெஸ்ட் ஹூ-ஹேஸ் 203.0.113.43 டெல் 203.0.113.41". அதற்குக் கீழே பதில் இல்லை. மறுபடி அதே வரி. 443-க்கு வர வேண்டிய பாக்கெட் ஒன்றுகூட இல்லை.

நடப்பது இதுதான். சேவை நிறுவனத்தின் ரவுட்டரிடம் 43-க்கான பாக்கெட் வந்துவிட்டது. அதை யாரிடம் கொடுப்பது என்று அது லைனில் கேட்கிறது. இந்தக் கேள்விதான் ஆர்ப். "43 என்னிடம்தான், இதோ என் மேக் விலாசம்" என்று உங்கள் ஃபயர்வால் சொல்ல வேண்டும் (மேக் விலாசம் என்பது நெட்வொர்க் கருவிக்கு உரிய வன்பொருள் எண்). அது சொல்லவில்லை. 42-ஐ மட்டுமே தன்னுடையதாக அது அறிந்திருக்கிறது. நீங்கள் நாட் (NAT, முகவரியை மாற்றிவிடும் வசதி) ரூலில் 43 என்று எழுதியதால் மட்டும் எல்லாக் கருவிகளும் அந்த எண்ணுக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடாது. பிஎஃப்சென்ஸில் 43-ஐ விர்ச்சுவல் ஐபியாகச் சேர்க்க வேண்டும். மைக்ரோடிக்கிலும் சாதாரண லினக்ஸிலும் வெளிப்பக்க இன்டர்ஃபேஸில் கூடுதல் முகவரியாகச் சேர்க்க வேண்டும். ஜூனிபர் எஸ்ஆர்எக்ஸில் ப்ராக்ஸி ஆர்ப் என்று தனியாக எழுத வேண்டும். ஃபோர்டிகேட்டில் விஐபி (விர்ச்சுவல் ஐபி) உருவாக்கினால் வழக்கமாக அதுவே பதில் சொல்லிவிடும். உங்கள் கருவி எந்த வகை என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேப்சரில் எதுவுமே வராமல், ஆர்ப் வரிகூட இல்லாமல் வெறுமையாக இருந்தால்? பழைய ஃபயர்வாலைக் கழற்றிப் புதியது மாட்டிய நாளில் இதை எதிர்பார்க்கலாம். சேவை நிறுவனத்தின் ரவுட்டர் 43-க்குப் பழைய கருவியின் மேக் விலாசத்தையே நினைவில் வைத்திருக்கிறது. புதிதாகக் கேட்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. சிஸ்கோ ரவுட்டர்களில் இந்த நினைவு இயல்பாக 4 மணி நேரம் நிற்கும். 42 மட்டும் உடனே ஓடுவதற்குக் காரணம், புதிய கருவி மேலெழும்போது தன் முதன்மை ஐபியை அறிவித்துவிட்டு, கேட்வேயோடு பேசவும் ஆரம்பித்துவிடுவதுதான். 43-ஐயும் 44-ஐயும் அது அறிவித்திருக்காது. கூடுதல் ஐபிக்கு கிராட்டுயிட்டஸ் ஆர்ப் (யாரும் கேட்காமலே தன் மேக்கை அறிவிக்கும் செய்தி) அனுப்பும் வசதி கருவியில் இருந்தால் அனுப்புங்கள். இல்லாவிட்டால் சேவை நிறுவனத்துக்குப் போன் போட்டு இப்படிக் கேளுங்கள்: "சார், உங்க ரவுட்டர்ல 203.0.113.43-க்கு என்ன மேக் காட்டுது? எங்க ஃபயர்வால் மேக் கடைசி நாலு எழுத்து இது. ஒத்துப்போகலைன்னா அந்த ஆர்ப் என்ட்ரியை மட்டும் க்ளியர் பண்ணிடுங்க சார்." "நெட் வரலை" என்று புகார் கொடுத்தால் அவர்கள் 42-க்குப் பிங் அடித்துப் பார்த்து "லைன் ஓகே" என்று மூடிவிடுவார்கள். கேள்வி குறிப்பாக இருந்தால் பதிலும் குறிப்பாக வரும்.

அவர்கள் சொல்லும் மேக் உங்களுடையதும் இல்லை, பழைய ஃபயர்வாலுடையதும் இல்லை என்றால் ரேக்கின் பின்னால் எட்டிப் பாருங்கள். எப்போதோ யாரோ 43-ஐப் போட்டு மாட்டிய ரவுட்டர் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கும்.

இன்னொரு விஷயத்தை லைன் வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொகுதியை நிறுவனங்கள் இரண்டு விதமாகத் தருகின்றன. நம் எடுத்துக்காட்டில் கேட்வே 41 அதே தொகுதிக்குள் இருக்கிறது, ஆகவே ஆர்ப் தேவை. இன்னொரு விதத்தில், இணைப்புக்கென்று தனியாக இரண்டு எண்கள் தருவார்கள், எட்டு எண்களின் தொகுதியை உங்கள் இணைப்பு ஐபியை நோக்கி ரவுட் செய்துவிடுவார்கள். அப்போது ஆர்ப் பிரச்சினையே கிடையாது. நாட் (NAT) வேலைக்கு மட்டும் பயன்படுத்தினால் எட்டு எண்ணும் உதவும். இந்த வகையில் 41-ஐ கேட்வேயாகப் போட்டால் எதுவும் ஓடாது.

சேவை நிறுவனமே சில போர்ட்டுகளை அடைத்திருப்பதும் உண்டு. 25-உம் 445-உம் அதில் வழக்கமானவை. 43-இல் போர்ட் 443 வருகிறது, 25 மட்டும் வரவில்லை என்றால் சந்தேகம் அங்கே போக வேண்டும். முதலில் போர்ட்டைச் சேர்க்காமல் வடிகட்டச் சொன்னது இந்த வித்தியாசமும் ஆர்ப் வரியும் கண்ணில் படத்தான். இரண்டாவது லைனாகக் கேபிள் பிராட்பேண்ட் வைத்திருந்தால் அதன் ஐபியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ, அது நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்துப் போட்ட பெரிய நாட் (NAT) கருவிக்குப் பின்னால் இருக்கிறது. அந்த லைனில் போர்ட் ஃபார்வர்டிங் நடக்கவே நடக்காது. ரூலோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

வாசலைத் தாண்டி உள்ளே போனதா?

வெளிப்பக்கக் கேப்சரில் பாக்கெட் தெரிகிறது. இப்போது உள்பக்க இன்டர்ஃபேஸில் கேப்சர் போட்டு 192.168.10.20 என்று வடிகட்டுங்கள். அங்கே வரவில்லை என்றால்தான் ரூலைத் திறக்கும் நேரம்.

பல ஐபி இருக்கும் இடத்தில் வழக்கமான தவறு, நாட் ரூலில் எந்தப் பப்ளிக் ஐபிக்கு என்று எழுதாமல் வெளிப்பக்க இன்டர்ஃபேஸ், போர்ட் 443 என்று மட்டும் எழுதுவது. ஒரு ஐபி காலத்தில் எழுதிய அந்த ரூல் ஐந்து ஐபிக்கும் வரும் 443-ஐயும் பிடித்து முதல் சர்வருக்கே தள்ளிவிடும். கீழே 43-க்கென்று நீங்கள் அழகாக எழுதிய ரூலுக்கு வேலையே வராது. ரூலின் பக்கத்தில் இருக்கும் எண்ணிக்கையைப் பாருங்கள். நீங்கள் சோதிக்கச் சோதிக்க அது பூஜ்யத்திலேயே நின்றால் மேலே இருக்கும் ஏதோ ஒன்று பாக்கெட்டைத் தின்றுகொண்டிருக்கிறது.

அடுத்தது சோர்ஸ் போர்ட். அந்தக் கட்டத்தில் 443 என்று போட்டுவிடுகிறார்கள். வருகிறவரின் கணினி ஏதோ ஒரு பெரிய எண்ணிலிருந்து கிளம்பும். விண்டோஸில் 49152 முதல் 65535 வரை. சோர்ஸ் போர்ட்டைக் காலியாக விடுங்கள்.

அப்புறம் அனுமதி ரூல். நாட் ரூல் முகவரியை மாற்றும், அனுமதி தருவது வேறொரு ரூல். அதில் எந்த ஐபியை எழுதுவது என்பதில் கருவிக்குக் கருவி வித்தியாசம். பிஎஃப்சென்ஸ், லினக்ஸ், மைக்ரோடிக், எஸ்ஆர்எக்ஸ், 8.3-க்குப் பிந்தைய சிஸ்கோ ஏஎஸ்ஏ ஆகியவற்றில் மாற்றத்துக்குப் பிந்தைய உள் ஐபி, அதாவது 192.168.10.20. பாலோ ஆல்ட்டோவில் மாற்றத்துக்கு முந்தைய பப்ளிக் ஐபி, ஆனால் ஸோன் (இன்டர்ஃபேஸ்களின் குழு) மட்டும் சர்வர் இருக்கும் உள் ஸோன். ஃபோர்டிகேட்டில் விஐபி என்ற பெயரையே சேருமிடமாகப் போட வேண்டும். ஒரு கருவியில் பழகிய கை இன்னொன்றில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ரூலைத் திருத்திய பிறகு பழைய இணைப்பு நினைவுகளை அழியுங்கள். யுடிபியில் இது ரொம்ப முக்கியம். ஐபி போன்கள் விடாமல் பாக்கெட் அனுப்பிக்கொண்டே இருப்பதால் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருக்கும், புதிய ரூல் ஓடவில்லை என்று உங்களுக்குத் தோன்றும்.

பதில் எந்த வழியில் போகிறது?

சர்வரிலிருந்து பதில் கிளம்புகிறது, உள்பக்கக் கேப்சரில் தெரிகிறது, வெளிப்பக்கத்தில் காணவில்லை. இரண்டு லைன் இருக்கும் அலுவலகங்களில் இது சகஜம். லீஸ்டு லைனில் 43-க்கு வந்த பாக்கெட்டின் பதில், டீஃபால்ட் ரவுட் கேபிள் பிராட்பேண்டை நோக்கி இருப்பதால் அந்தப் பக்கம் போய்விடுகிறது. அந்த நிறுவனத்துக்கு 203.0.113.43 அந்நிய எண், கீழே போட்டுவிடும். சந்தேகம் வந்தால் இரண்டாவது லைனின் இன்டர்ஃபேஸிலும் கேப்சர் போடுங்கள், தொலைந்த பதில் அங்கே நிற்கும்.

பிஎஃப்சென்ஸில் வந்த வழியே பதிலைத் திருப்பும் ஏற்பாடு உண்டு. அந்த இன்டர்ஃபேஸின் அமைப்பில் கேட்வே குறிப்பிட்டிருக்க வேண்டும், அனுமதி ரூலும் அதே இன்டர்ஃபேஸின் பக்கத்தில் இருக்க வேண்டும். மைக்ரோடிக்கில் வரும் இணைப்புக்கு ஒரு மார்க் வைத்து, பதிலை அந்த மார்க்கின்படி ரவுட் செய்ய வேண்டும். ஃபாஸ்ட்ட்ராக் (வேகத்துக்காகச் சில படிகளைத் தாண்டவிடும் வசதி) போட்டிருந்தால் அந்த இணைப்புகள் மார்க்கைத் தாண்டிப் போய்விடும், அவற்றை விலக்கி வையுங்கள். ஃபோர்டிகேட்டில் இரண்டு லைனுக்கும் ரவுட் உயிரோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரும் பாக்கெட்டையே சந்தேகப்பட்டுத் தள்ளிவிடும்.

சர்வர் பதிலே தரவில்லை என்றால் ஒரு சோதனை செய்யலாம். உள்ளே வரும் இணைப்புக்கு சோர்ஸ் நாட் போட்டு, வருகிறவர் ஃபயர்வாலின் உள் ஐபியிலிருந்து வருவதுபோல் காட்டுங்கள். உடனே ஓடினால் குற்றவாளி சர்வரின் கேட்வே, அல்லது லோக்கல் சப்நெட் ரூல். ஆனால் இதையே நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள். சர்வரின் பதிவுகளில் எல்லாரும் ஒரே ஐபியாகத் தெரிவார்கள், யார் கடவுச்சொல்லை முட்டிப் பார்த்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

சர்வர் தானாக வெளியே கிளம்பும் இணைப்பு வேறு விஷயம். 43-க்கு போர்ட் ஃபார்வர்டிங் போட்டிருந்தாலும் அது 42-ஆகத்தான் வெளியே தெரியும். மெயில் சர்வருக்கு இது வினை, மெயில் எந்த ஐபியிலிருந்து வரலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவிலும், ஐபிக்கு உரிய பெயரைச் சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸிலும் 43 என்று எழுதியிருக்கும், போகும் மெயில் 42-லிருந்து போகும். வங்கியோ வேறு நிறுவனமோ 43-ஐ மட்டும் அனுமதித்திருந்தாலும் இதே சிக்கல். ஒன்றுக்கு-ஒன்று (1:1) நாட் போடுங்கள், அல்லது வெளிச்செல்லும் நாட் பகுதியில் 192.168.10.20-க்கு 43 என்று தனி ரூல் எழுதுங்கள்.

வெளியில் ஓடுகிறது, அலுவலகத்துக்குள் ஓடவில்லை

உள்ளே 192.168.10.77-இல் இருக்கும் கணினி 43-ஐத் திறக்கிறது. ஃபயர்வால் அதை 20-க்குத் திருப்பிவிடுகிறது. அனுப்பியவர் பக்கத்திலேயே இருப்பதால் 20 நேராக 77-க்குப் பதில் சொல்கிறது. 77 எதிர்பார்த்தது 43-இன் பதிலை, வந்தது 20-இன் பதில். தூக்கிப் போட்டுவிடுகிறது. ஹேர்பின் நாட் (பதிலும் ஃபயர்வால் வழியாகவே திரும்பும்படி செய்யும் ஏற்பாடு) போட்டு இதைச் சரிசெய்யலாம். என் விருப்பம், உள் டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபியாக மாற்றும் சேவை) சர்வரின் பெயருக்கு நேராக 192.168.10.20 என்று எழுதிவிடுவது. பாதை சின்னது, கோளாறு குறைவு.

மழைக்காலத்துக்கு

ஐப்பசி முதல் மார்கழி வரை நம் கடற்கரைக்கு வரும் புயல்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பரில் 'தானே' புயல், 2024 நவம்பர் கடைசியில் 'ஃபெஞ்சல்'. மின்சாரம் போய்த் திரும்பிய பிறகுதான் பாதி புகார் வருகிறது. சேமிக்காத அமைப்பு அழிந்திருக்கும். கேமரா ரெக்கார்டர் டிஹெச்சிபியில் (தானாக ஐபி வழங்கும் வசதி) புதிய ஐபி வாங்கியிருக்கும், ரூல் பழைய ஐபியைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஃபார்வர்டிங் செய்யும் ஒவ்வொரு கருவிக்கும் உள் ஐபியை நிலையாக வையுங்கள். பருவமழைக்கு முன்பே ஒருமுறை நீங்களாக எல்லாவற்றையும் அணைத்து ஏற்றி, எல்லாப் பப்ளிக் ஐபியையும் வெளியிலிருந்து சோதித்துவிடுங்கள்.

திறக்கக் கூடாதவை

ஓடவைக்கத் தெரிந்ததும் எல்லாவற்றையும் திறக்கச் சொல்வார்கள். வீட்டிலிருந்து டேலி பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-ஐத் திறந்துவிடு என்பார் முதலாளி. செய்யாதீர்கள். போர்ட் எண்ணை மாற்றி வைத்தாலும் தேடுகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் பரவியது இப்படி இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்கள், ரெக்கார்டர்கள் வழியாகத்தான், மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களை வைத்துத்தான். 2017-இல் வான்னாக்ரை என்ற, பணயத்தொகை கேட்கும் தீநிரல் நுழைந்தது போர்ட் 445 வழியாக. இவற்றுக்கெல்லாம் வயர்கார்டு போன்ற ஒரு விபிஎன் போட்டுக் கொடுங்கள். "ஐயா, ஒரு ஆப் ஓப்பன் பண்ணிட்டு அப்புறம் டேலி ஓப்பன் பண்ணுங்க, அவ்வளவுதான்" என்று பொறுமையாகக் காட்டினால் ஒத்துக்கொள்வார்கள்.

திறந்தே ஆக வேண்டிய சேவைக்கு, வருகிறவரின் ஐபி நிலையானது என்றால் அந்த ஐபிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அந்த ரூலில் லாக் போடுங்கள். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) வெளியிட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பட்டியலில் உள்ள வகைச் சம்பவம் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கருவிகளின் நேரத்தையும் என்டிபி மூலம் ஒத்திசைக்க வேண்டும். ஃபயர்வாலில் ஒரு நேரமும் சர்வரில் இன்னொரு நேரமும் இருந்தால் இரண்டு பதிவுகளையும் பொருத்திப் பார்க்கவே முடியாது. ஃபயர்வால், சர்வர், ரெக்கார்டர் மூன்றிலும் நேரம் ஒன்றாக இருக்கிறதா என்று ரூல் போட்ட கையோடு பார்த்துவிடுங்கள்.